ஒப்பந்தப் பணிக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நான் மின்பணியாளன். 11 ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அடிதடி வழக்கில் தண்டனை பெற்று எட்டு மாதம் சிறையில் இருந்தேன். செய்தது தவறு, அதை எந்த விண்ணப்பத்திலும் மறைத்ததில்லை. தண்டனையைப் பற்றிக் கேட்கவே கூடாது என்பது என் கோரிக்கை அல்ல. அதை எந்தக் கட்டத்தில், எந்தச் சொற்களில் கேட்கிறீர்கள் என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

நிரந்தர வேலையில் சேருகிறவர் இதை ஒரு முறை சொன்னால் போதும். பிறகு அவர் பார்க்கும் வேலையே அவரைப் பற்றிச் சொல்லிவிடும். ஒப்பந்தத்தில் வேலை பார்ப்பவருக்கோ மூன்று மாதத்திற்கு ஒரு முறை, ஆறு மாதத்திற்கு ஒரு முறை அதே கேள்விக்கு முதலிலிருந்து பதில் எழுத வேண்டியிருக்கிறது. ஆள் அனுப்பும் முகவர், வேலை தரும் நிறுவனம், பின்னணியைச் சரிபார்ப்பவர் என அது மூன்று கை மாறுகிறது. வேலை கிடைக்காமல் போனால் அந்தத் தாள் யாரிடம் தங்குகிறது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்வதில்லை.

சென்ற முறை நான் நிரப்பிய படிவத்தில், பெயருக்கும் முகவரிக்கும் அடுத்த வரியிலேயே 'குற்ற வழக்கு உண்டா? ஆம் / இல்லை' என்று இருந்தது. விவரம் எழுத விட்டிருந்த இடம் ஒரு விரல் அகலம். ஆண்டையும் சட்டப் பிரிவையும் எழுதியதும் இடம் தீர்ந்துவிட்டது. தண்டனை முடிந்த நாளையும் அதற்குப் பின் பார்த்த வேலைகளையும் எங்கே எழுதுவது? கேள்வியும் தெளிவாக இல்லை. வழக்குப் பதிவானதைக் கேட்கிறீர்களா, கைதானதையா, தண்டனை பெற்றதையா? நீதிமன்றம் விடுவித்தவர்கூட இதற்கு 'ஆம்' என்று எழுத நேரிடும்; 'இல்லை' என்று எழுதினால், உண்மையை மறைத்தவர் என்ற பெயரோடு பின்னர் வெளியேற்றப்படலாம்.

இதைச் சரிசெய்ய முடியாது என்று சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் ஹவாய் மாநிலம், நிபந்தனையுடன் வேலையை உறுதி செய்த பிறகே தண்டனை விவரத்தைக் கேட்கலாம் என்று 1998-இலேயே சட்டம் செய்தது. அந்நாட்டின் 2019-ஆம் ஆண்டுச் சட்டம், கூட்டாட்சி அரசின் ஒப்பந்தப் பணிகளுக்கு ஆள் எடுப்பவர்களுக்கும் ஏறக்குறைய அதே வரிசையை வகுத்தது. பிரிட்டனிலோ, 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் கடந்த பல தண்டனைகளைப் பெரும்பாலான வேலைகளுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. குழந்தைகளோடு செய்யும் பணி போன்றவற்றுக்கு அங்கே விலக்கு உண்டு. அது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன்.

ஆகவே, முதலில் தொழில் திறமையைப் பாருங்கள். ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு, தண்டனையை மட்டும், இத்தனை ஆண்டுகளுக்குள் என்று வரையறுத்துக் கேளுங்கள். அந்தக் குற்றத்திற்கும் தரப்போகும் வேலைக்கும் தொடர்பு உண்டா என்று பாருங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தைச் சொல்லி, அவர் பதிலையும் ஒரு முறை கேளுங்கள். வேலை இல்லை என்று முடிவான பின் அந்தத் தாளை அழித்துவிடுங்கள்.

என் இப்போதைய ஒப்பந்தம் அடுத்த மாதக் கடைசியில் முடிகிறது. அடுத்து வரும் படிவத்தில் இந்தக் கேள்வி கடைசிப் பக்கத்தில், அரைப் பக்க இடத்தோடு இருந்தால், நடந்ததை முழுவதுமாக எழுதி, தீர்ப்பின் நகலையும் இணைத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஒப்பந்த மின்பணியாளன்