ஓணானுக்கும் காய்ச்சல் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில் வந்த விலங்குகள் கட்டுரையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பறவைகளும் பாலூட்டிகளும் வெப்ப இரத்தப் பிராணிகள், பாம்பு, பல்லி, தவளை, மீன் எல்லாம் குளிர் இரத்தப் பிராணிகள் என்று சொல்லிவிட்டு, கீழே வினாடி வினாவில் ஓணானின் இரத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டு, குளிர்ச்சியாக இருக்கும் என்று விடையும் போட்டிருந்தீர்கள். நானும் பள்ளியில் இதையே மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனாலும் தப்பு தப்புதானே.

வெயிலில் கிடக்கும் ஓணானைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். காலையில் உடம்பு கறுத்துப்போய், விலாவைத் தட்டையாக விரித்து, முழு உடம்பையும் வெயிலுக்குக் காட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். சூடு ஏற ஏற நிறம் வெளுக்கும். வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்தால் அதே ஓணான் சூரியன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உடம்பில் வெயில் படும் பரப்பு குறைந்துவிடும், அதுவும் தாங்கவில்லை என்றால் நிழலுக்கு ஓடிவிடும். இந்த வெயில் நிழல் கணக்கை வைத்தே வட அமெரிக்கப் பாலைவன இகுவானா என்ற பல்லி வகை நடமாடும் நேரத்தில் தன் உடம்பை 40 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்துக்கொள்கிறது. நமக்கு 37. அதன் சூடு நமக்கு இருந்தால் போர்த்திக்கொண்டு படுத்திருப்போம். இதில் யார் குளிர் இரத்தம்?

வித்தியாசம் இரத்தத்தில் இல்லை, சூடு எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. நாம் சாப்பிட்டதை எரித்து உள்ளேயே சூட்டை உண்டாக்குகிறோம், ஓணான் வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிறது. நம் வழிக்குச் செலவு அதிகம். அதே எடையுள்ள பாலூட்டி சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஊர்வனவற்றுக்குப் போதும், அதனால்தான் ஒரு மலைப்பாம்பு ஒரு தடவை விழுங்கிவிட்டு மாதக்கணக்கில் சுருண்டு கிடக்க முடிகிறது.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் பிடித்தது. 1970களின் நடுவில் மாத்யூ க்ளூகர் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இதே பாலைவன இகுவானாக்களுக்கு நோய்க்கிருமிகளை ஏற்றிப் பார்த்தார்கள். நோய் வந்தவை வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்து, உடம்புச் சூட்டை ஏறத்தாழ 2 டிகிரி ஏற்றிக்கொண்டன. உள்ளே காய்ச்சலை உண்டாக்க வழியில்லாததால் நடந்து போய் வாங்கிக்கொண்டன என்று வைத்துக்கொள்ளுங்களேன். சூட்டை ஏற்றவிடாமல் குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்தவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின. வெப்பத்தைக் கட்டுப்படுத்தத் தெரியாத பிராணி என்று இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நீங்கள் போட்ட கோட்டுக்கு அந்தப் பக்கமும் ஒழுங்காக இல்லை. வெப்ப இரத்தம் என்று சொல்லப்படும் ஆர்க்டிக் தரை அணில் குளிர்கால உறக்கத்தில் உடம்பை 0 டிகிரிக்கும் கீழே, மைனஸ் 2.9 வரை இறக்கிக்கொள்ளும் என்று 1989இலேயே அளந்திருக்கிறார்கள். மீன் இனத்தில் ஓபா என்று ஒன்று உண்டு, அது இதயம் உட்பட உடம்பு முழுவதையும் சுற்றியுள்ள கடல் நீரைவிடச் சூடாக வைத்திருக்கிறது என்று 2015இல் தெரியவந்தது. தேனீ வெறும் பூச்சி, ஆனால் புழுக்கள் வளரும் அறைகளைக் கூட்டமாகச் சேர்ந்து 34, 35 டிகிரியில் காக்கும். குளிர்ந்தால் பறக்கும் தசையை நடுங்கவைத்துச் சூடேற்றும், சூடு மிஞ்சினால் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து இறக்கையால் விசிறும்.

அப்புறம் நாய்க்கு நாக்கில் வியர்க்கும் என்று ஒரு வரி. நாக்கில் வியர்வைச் சுரப்பி கிடையாது. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான். எங்கள் நாயை ஊசி போட மேசைமேல் ஏற்றும்போதெல்லாம் பயத்தில் நாலு ஈரச் சுவடு பதியும். அந்த வியர்வையால் உடம்பு குளிர்ந்துவிடாது. மூச்சிரைத்து, மூக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லை. வாயைத் திறக்க முடியாதபடி முகமூடியை இறுக்கிக் கட்டி வெயிலில் நாயைக் கூட்டிப்போனால் அதன் முக்கியமான வழியை அடைத்துவிடுகிறோம், உயிருக்கே ஆபத்து. அந்த வரியை எழுதியவர் இதையும் ஒரு வார்த்தை சேர்த்து எழுதியிருக்கலாம்.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் உடலின் சமநிலை என்றால் எல்லாம் மாறாமல் இருப்பது என்று இருந்தது. 1926இல் அந்தச் சமநிலைக்கு ஹோமியோஸ்டாசிஸ் என்ற பெயரை வைத்த உடலியல் விஞ்ஞானி வால்டர் கேனன்கூட அதை அசையாத நிலை என்று சொல்லவில்லை, ஓர் எல்லைக்குள் ஏறி இறங்கலாம் என்றுதான் கருதினார். ஒட்டகத்தைப் பாருங்கள். தண்ணீர் கிடைக்காத நாளில் அதிகாலையில் 34 டிகிரிக்கு இறங்கவிட்டு, பகலில் 40 தாண்டும் வரை வியர்க்காமல் தாக்குப்பிடிக்கும், பகலில் சேர்ந்த சூட்டை ராத்திரிக் குளிரில் விட்டுவிடும். இப்படி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 லிட்டர் தண்ணீர் மிச்சம். சூட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

குறைந்தபட்சம் அந்த வினாடி வினா விடையையாவது அடுத்த வாரம் திருத்திப் போடுங்கள். என் மகள் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவிட்டாள், நான் சொன்னதைக் கேட்டு, திருத்தம் வந்தால் ஒட்டுவதற்குப் பக்கத்திலேயே இடமும் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி