நடுநிசியில் மூச்சை எண்ணியவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

பக்கத்தில் படுத்து விழித்திருந்த துணைகளுக்குத்தான் முதல் நன்றி. “குறட்டை சட்டென்று நின்றுபோகிறது, அப்புறம் திணறிக்கொண்டு எழுகிறார்” என்று நீங்கள் டாக்டரிடம் சொல்லும் ஒரு வரிதான் பலருக்கு ஸ்லீப் ஆப்னியாவை, அதாவது தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் மூச்சுத்தடை நோயை, காட்டிக்கொடுக்கிறது. தூங்குகிறவருக்கு அது தெரியவே தெரியாது. சத்தத்தைவிட அது நிற்கும் இடைவெளி முக்கியம். பத்து விநாடி நின்றாலே கணக்கு. மணிக்கு 30 முறை என்றால் கடுமை.

ஒவ்வொரு தடையிலும் ஆக்சிஜன் இறங்கி ஏறுகிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் நிலைக்குப் போகின்றன. ரத்தக்கட்டி கரைவதைத் தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதமும் கூடுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அது எல்லோருக்குமே விடியற்காலையில் உச்சத்தில் இருப்பது. கனவுத் தூக்கமும் பின்னிரவில்தான் அதிகம். அப்போது தொண்டைத் தசை இன்னும் தளரும். திடீர் இதய மரணம் அடைந்த 112 பேரைப் பற்றி 2005-இல் அமெரிக்காவில் வந்த ஆய்வில், மூச்சுத்தடை இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில் போயிருந்தார்கள். இல்லாதவர்களில் 21 சதவீதம். அந்த 112 பேருக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவனை நம்பி, மூக்கில் மாஸ்க்கை ஒட்டிக்கொண்டு தூங்கிய ஐந்து நோயாளிகளுக்கும் நன்றி. 1981-இல் வெளியான அவர்களுடைய முடிவுகளிலிருந்துதான் சிபாப் பிறந்தது, மாஸ்க் வழியே காற்றை அழுத்தி அனுப்பி தொண்டையைத் திறந்து வைக்கும் மெஷின் அது. அதுவரை கடுமையான நோய்க்குக் கழுத்தில் துளையிடுவார்கள்.

சிபாப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்குமா என்று பார்த்த, 2016-இல் வெளியான சேவ் ஆய்வில் பங்கேற்ற 2,717 பேருக்குத் தனி நன்றி. சிபாப் கொடுத்தும் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. மாஸ்க் போட்டது இரவுக்குச் சராசரி 3.3 மணி நேரம்தான். அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறோம். கசப்பான முடிவு, ஆனாலும் மறைக்காமல் சொன்னார்கள். ஆகவே மெஷின் வந்துவிட்டது என்று ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையோ பிரஷர் மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். இரவு 3 மணிக்கு மாஸ்க்கைக் கழற்றி வைப்பவர்கள், மேலே சொன்ன பின்னிரவை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக, ராத்திரி முழுக்கத் திரையைப் பார்த்திருக்கும் ஸ்லீப் லேப் டெக்னீஷியன்களுக்கு. மாஸ்க் வாரை உட்கார்ந்து இறுக்கக் கூடாது, மெஷினை ஓடவிட்டு, படுத்தபடிதான் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லித் தருபவர்கள் நீங்கள். படுத்தால் முகத் தசை சரியும், காற்று கசியும். முகத்து எண்ணெய் படிந்தாலும் கசியும், அதனால் மாஸ்க்கில் முகத்தோடு ஒட்டும் மெத்தென்ற பகுதியைத் தினமும் லேசான சோப்பில் கழுவச் சொல்கிறீர்கள். வாய் வறண்டால் வாய் வழியே கசிகிறது, மூக்கையும் வாயையும் மூடும் முழு மாஸ்க் வேண்டும் என்று கண்டுபிடிப்பதும் நீங்களே. மனமார்ந்த நன்றி.