சக்ராவின் முதற்குழுவிலிருந்து ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

1988 ஜனவரியில் சோவியத் ஒன்றியத்திடமிருந்து மூன்றாண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்டு, அடுத்த மாதமே விசாகப்பட்டினம் வந்துசேர்ந்த நம் நாட்டின் முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான ஐ.என்.எஸ். சக்ராவில் பணியாற்றிய மாலுமிகளுள் நானும் ஒருவன். 1991 ஜனவரியில் கப்பல் திரும்பிப் போய்விட்டது. நான் சொல்ல வேண்டிய நன்றி இன்றுவரை பாக்கி கிடக்கிறது. வாய் திறக்கக் கூடாத பணி என்பது பாதிக் காரணம், மீதி என் சோம்பல்.

எங்கள் கட்டளை அதிகாரியாக இருந்த கேப்டன் ஆர்.என். கணேஷ் அவர்களுக்கு முதல் வணக்கம். பின்னாளில் வைஸ் அட்மிரலாக உயர்ந்து, உள்நாட்டு அணு நீர்மூழ்கித் திட்டத்தையும் வழிநடத்தியவர் அவர்.

கப்பல் கைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே விளாடிவோஸ்டாக்கின் பனியில் எங்களுக்கு ரஷ்ய மொழி கற்பித்த ஆசிரியை அம்மையாரை மறக்க இயலாது. ஆங்கில 'எச்' போலத் தெரியும் எழுத்தை 'ந' என்றும், 'பி' போலத் தெரிவதை 'ர' என்றும் தயங்காமல் வாசிக்கும்வரை அவர் எங்களை விட்டதில்லை. கப்பலில் அளவிகள், வால்வுகள், எச்சரிக்கைப் பலகைகள் யாவும் அந்த எழுத்துகளிலேயே இருந்தன என்பதால், அவர் கண்டிப்பின் அருமை எங்களுக்குக் கடலுக்கடியில்தான் புரிந்தது. கண்ணைக் கட்டிவிட்டு, கைத்தடவலிலேயே உரிய வால்வைக் கண்டுபிடிக்கச் சொன்ன சோவியத் பயிற்றுநர்களுக்கும் என் நன்றி உரியது.

டீசல் நீர்மூழ்கியில் மின்கலங்களுக்கு மின்னேற்ற அடிக்கடி மேற்பரப்பை ஒட்டி வந்து காற்றை இழுத்தாக வேண்டும். அணு உலைக்கோ காற்றே வேண்டாம்; குடிநீரைக் கடல்நீரிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்; ஆகவே எவ்வளவு நாள் மூழ்கியிருக்கலாம் என்பதை உண்மையில் முடிவு செய்தது எங்கள் சமையற்கட்டுதான். கிடைத்த இடுக்கிலெல்லாம் அரிசி மூட்டையைத் திணித்த கிடங்கு ஊழியர்களுக்கும், பகலா இரவா என்று தெரியாத இடத்தில் வேளை தவறாமல் சோறு போட்ட சமையற்காரருக்கும் கடமைப்பட்டுள்ளேன். கரை திரும்பியதும் எங்கள் சட்டையிலிருந்த கதிர்வீச்சு அளவியைக் கழற்றி வாங்கிப் பதிவேட்டில் ஏற்றிய ஆய்வக ஊழியர்கள் ஒருநாளும் அலட்சியம் காட்டியதில்லை.

இனி என் மனைவிக்கும், விசாகப்பட்டினக் குடியிருப்பில் எங்கள் எதிர்வீட்டிலிருந்த தெலுங்கு அக்காவுக்கும். எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று நானும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. ஒருமுறை நான் கடலில் இருந்தபோது மகளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டிருக்கிறது. எனக்குத் தகவல் அனுப்ப வேண்டாம் என்று என் மனைவி முடிவெடுக்க, அக்காதான் நள்ளிரவில் ரிக்‌ஷா பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருக்கிறார். நான் வீடு வந்தபோது குழந்தை திண்ணையில் விளையாடிக்கொண்டிருந்தாள். நாட்காட்டித் தாளின் பின்புறம், மூன்று நாளுக்கு மணிவாரியாகக் காய்ச்சலின் அளவைத் தெலுங்கில் குறித்து வைத்திருந்த அக்கா, அதை என் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது, அக்கா.

நன்றியுடன்,
சக்ராவின் முன்னாள் மாலுமி ஒருவன்