பொது ஷீற்றில் கை வைக்கும் முன்

எல்லாருக்கும் வணக்கம். நேற்று யாரோ நாங்கள் எல்லாரும் சேர்ந்து நிரப்பும் கூகுள் ஷீற்றில் (இணைய அட்டவணையில்) மூதூர் விபரம் மட்டும் தெரியும்படி ஃபில்டர் போட்டுவிட்டார்கள். குச்சவெளி ஆட்கள் தங்கள் வரிகள் அழிந்துவிட்டதென்று பதறிப்போய் கோல் எடுத்தார்கள். அழியவில்லை, மறைந்துதான் இருந்தது.

இனிக் கணினியில் டேட்டா மெனுவுக்குப் போய் 'ஃபில்டர் வியூ' உருவாக்குங்கள். நீங்கள் வடிகட்டுவது மற்றவர்களின் திரையைக் குழப்பாது.

ஷீற்றின் ஏதாவது ஒரு கட்டத்தில் (செல்லில்) எண் மாறியிருந்தால் இங்கே சண்டை பிடிக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து 'ஷோ எடிட் ஹிஸ்டரி' பாருங்கள். யார், எப்போது மாற்றினார், முன்பு என்ன இருந்தது, எல்லாம் வரும். (சனி இரவு 11 மணிக்கு மாற்றியது நான்தான், சரியா?)

கிண்ணியா விபரம் வெள்ளி ஜும்மாவுக்கு முன் வேண்டும்.