கூட்டுத்தொகையை மட்டும் பார்க்காதே, தேவகி

அம்மாபேட்டை,
சேலம்.

அன்புள்ள தேவகிக்கு,

உன் கடிதமும் ரத்தப் பரிசோதனைத் தாளும் நேற்று வந்து சேர்ந்தன. இங்கே எல்லோரும் நலம். கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா. கடைவீதிப் பக்கம் கால் வைக்க முடியவில்லை. சின்னவளுக்கு ஈரோட்டில் வேலை கிடைத்துவிட்டது. ஏற்காட்டில் மழை எப்படி? காப்பிச் செடிகளில் காய் பிடித்திருக்கிறதா?

"மொத்தக் கொலஸ்ட்ரால் 188தான், 200-ஐத் தாண்டவில்லை, நிம்மதி" என்று எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த நிம்மதி வரவில்லை, தேவகி. அந்த 188-இல் நல்ல கொழுப்பு எனப்படும் எச்.டி.எல். வெறும் 34. அதைக் கழித்தால் மிச்சம் 154. ரத்தக்குழாய்ச் சுவரில் போய்ப் படியக்கூடியவை எல்லாம் இந்த மிச்சத்தில்தான் இருக்கின்றன. அது 130-க்குள் இருந்தால் நல்லது. எச்.டி.எல். குறைந்து கிடப்பதால்தான் உன் கூட்டுத்தொகை பார்ப்பதற்கு அழகாக இருக்கிறது. ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்போ 260; 150-க்குள் இருக்க வேண்டியது. எச்.டி.எல். குறைவு, ட்ரைகிளிசரைடு அதிகம் என்ற இந்த ஜோடியை நம் நாட்டவர்களிடம் அடிக்கடி காணலாம்.

கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 102 என்று இருக்கிறதே, அது அநேகமாக அளந்த எண் அல்ல, கணக்குப் போட்ட எண். மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 188-இல் 34-உம் 52-உம் போனால் 102. சரியாக வருகிறது பார். 1972-இல் ஃப்ரீட்வால்டு குழுவினர் வகுத்த சூத்திரம் இது. ட்ரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு தடுமாறும். 400-ஐத் தாண்டினால் லேபில் நாங்கள் அதைத் தொடவே மாட்டோம். ட்ரைகிளிசரைடு மிக அதிகமானவர்களின் ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால், தெளிந்த மஞ்சளாக நிற்க வேண்டிய சீரம் வெளுத்துக் கலங்கி நிற்கும். குழாய்க்குப் பின்னால் சீட்டைப் பிடித்தால் எழுத்து தெரியாது. நீ அந்த நிலைக்குப் போகவில்லை.

எனவே மருத்துவரிடம் அப்போ-பி பரிசோதனை பற்றிக் கேள். குழாய்ச் சுவருக்குள் நுழையும் கொழுப்புத் துகள் ஒவ்வொன்றிலும் இந்தப் புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதை அளந்தால் துகள்களையே எண்ணியதாகும். உங்கள் மலைப்பாதையில் நெரிசலை உண்டாக்குவது ஏறி வரும் வண்டிகளின் எண்ணிக்கைதானே, உள்ளே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அல்லவே!

எச்.டி.எல்.லை ஏற்ற மாத்திரை உண்டா என்று கேட்டிருந்தாய். அப்படி ஏற்றிப் பார்த்தார்கள். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை நன்றாகவே உயர்த்தியது. ஆனால் அதைச் சாப்பிட்டவர்களில் இறப்பு கூடியதால் 2006-இல் ஆய்வையே நிறுத்திவிட்டார்கள். குறைந்த எச்.டி.எல். ஆபத்தைக் காட்டும் அடையாளம். அந்த எண்ணை உயர்த்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடாது. எல்.டி.எல். அப்படியல்ல, அதுவே நோயை உண்டாக்குகிறது. அதைக் குறைத்தால் மாரடைப்பு குறைகிறது. அதனால் எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தட்டிக் கழிக்காதே.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது உன் தம்பிக்கு 44 வயதில் வந்த மாரடைப்பு. பீடி, சிகரெட் தொடாதவர், சர்க்கரையும் இல்லை என்றாய். அப்படியானால் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற, எல்.டி.எல். போன்ற இன்னொரு கொழுப்புத் துகளையும் பார்த்தே ஆக வேண்டும். 1963-இல் நார்வே நாட்டு கோரே பெர்க் கண்டறிந்தது. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பத்தியத்தாலும் நடையாலும் அதிகம் அசையாது. பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அதிகம். வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் இது சேராது, தனியாகக் கேட்க வேண்டும். அது கூடுதலாக இருந்தால் எல்.டி.எல்., ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாவற்றையும் இன்னும் கண்டிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ட்ரைகிளிசரைடு உன் கையில்தான் இருக்கிறது. மூன்று வேளையும் சோறு, நடுவில் மரவள்ளிக் கிழங்கு, நாலு தடவை சர்க்கரை போட்ட காப்பி என்று போனால் எப்படி இறங்கும்? சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியையும் தைராய்டையும் சேர்த்துப் பார்த்துவிடு.

அடுத்த வாரம் இறங்கி வா. முந்தைய இரவே வந்து எங்கள் வீட்டில் தங்கினால், காலையில் வெறும் வயிற்றில் நானே லேபுக்குக் கூட்டிப்போகிறேன். தம்பி மகனையும் அழைத்து வா. அவனுக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும்.

அன்புடன்,
கமலா