சுந்தருக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள சுந்தருக்கு,

தேங்காய் வெட்டியாச்சு, விலைதான் இல்லை. அம்மாவுக்கு முட்டிவலி பழையபடி. உன் புராஸ்டேட் புற்றுநோயின் புது பயாப்ஸி ரிசல்ட்டை கோமதி அனுப்பினாள், அவளைக் கோபிக்காதே. ஞாயிறுதோறும் "ஒண்ணுமில்லப்பா" என்று நீ போனை வைத்தால் அவள் என்ன செய்வாள்?

ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பியின் புரதம்) 1.4-லிருந்து 3.6-க்கு ஏறியதை மட்டும் வைத்து நான் பயப்படமாட்டேன். உனக்குச் செய்த ஹைஃபு, அந்த ஒலி அலைச் சூடு, சுரப்பியில் ஒரு பகுதியைத்தான் சுட்டது. மிச்சம் இருப்பதால் எண் பூஜ்யத்துக்கு வராது, மூத்திரத் தொற்றிலும் ஏறும். ஆனால் பயாப்ஸியில் கிளீசன் 3+4, அதாவது நடுத்தர வீரியப் புற்று, வந்துவிட்டது. எங்கே வந்தது என்று கேட்டாயா? தொடாத பக்கத்தில் சின்னதாக இருந்தால் இன்னொரு ஹைஃபு நியாயம். சுட்ட இடத்திலேயே என்றால் அதே சூட்டை மறுபடி நம்ப எனக்கு மனமில்லை. பழைய எம்.ஆர்.ஐ.யையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல். புற்று உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் இல்லாமல் எதற்கும் தலையாட்டாதே. நிணநீர்க் கணுவிலோ எலும்பிலோ இருந்தால் கணக்கே வேறு.

சுரப்பியை எடுக்கும் ரோபோ ஆபரேஷன் என்றால் சுட்ட பக்கம் தழும்பு கட்டி ஒட்டியிருக்கும்; அந்தப் பக்கத்து விறைப்பு நரம்பைக் காப்பது கஷ்டம், மறுபக்கத்தைக் காக்கலாம். ஹைஃபுவுக்குப் பிந்தைய கேஸ்களை நிறையச் செய்த கையா என்று கேள். இடுப்புத்தளப் பயிற்சியை இன்றே தொடங்கு, ஆபரேஷனுக்குப் பின் மூத்திரக் கசிவு சீக்கிரம் நிற்கும். நீ எதற்குத் தயங்குகிறாய் என்று தெரியும். அதற்கும் மாத்திரை, பம்ப், ஊசி என்று வழிகள் உண்டு. அப்பாவிடம் பேசக் கூச்சமென்றால் சர்ஜனிடமாவது பேசு.

ரேடியேஷன் பெரும்பாலும் 20 முறை, நான்கு வாரம், மொத்தம் 60 கிரே கதிர் அளவு. ஹார்மோன் ஊசியும் சேர்க்கலாம். அது சர்க்கரையை ஏற்றும், உனக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஹைஃபுவால் மூத்திரக் குழாய் சுருங்கியிருந்தால் கதிர் அதை மோசமாக்கும். ஓட்டத்தை அளந்த பிறகே சம்மதி. ஆபரேஷனுக்குப் பின் தேவைப்பட்டால் ரேடியேஷன் கொடுக்கலாம். ரேடியேஷனுக்குப் பின் ஆபரேஷன் மிகக் கடினம், மலக்குடல் கிழியும் ஆபத்தும் கூடும். அதனால்தான் என் சாய்வு கத்தியின் பக்கம். தீர்மானம் உன்னுடையது.

முதல் தடவை கேள்விகளை எழுதிக்கொண்டு போனாயாம், எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது மட்டும் ஏன் ஒளிகிறாய்?

சித்தப்பாவுக்கு இது, அத்தைக்கு மார்பில். பரம்பரையாக வரும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு இருக்கிறதா என்ற பரிசோதனைக்கு ரத்தம் கொடு. பாசிடிவ் என்றால் ஹைஃபு பேச்சை விட்டுவிடு, உன் கூடப்பிறந்த முரளியும் பி.எஸ்.ஏ. பார்க்க வேண்டியிருக்கும், நான் சொல்லிக்கொள்கிறேன். பழைய எம்.ஆர்.ஐ. டிஸ்க்கை மறக்காதே. பெட் ஸ்கேன் தேதி கிடைத்ததும் கோமதி வழியாக வேண்டாம், நீயே என்னிடம் சொல்.

அப்பா