மூலை வீட்டுத் தாத்தாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள டி மொயின் தமிழ்க் குடும்பங்களுக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும்,

கோடையிலிருந்து எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். அதை இன்னொரு முறை எழுதிப் பார்க்கும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. மகள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டாள். நன்றாகத் தூங்குகிறாள். குழைந்த சாதத்திலிருந்து இட்லிக்கு முன்னேறியிருக்கிறாள். குரல் ஒன்றுதான் பாக்கி. வரும், நாளாகும் என்கிறார்கள். அதுவரை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. இடுப்பில் சிறிய வெள்ளைப் பலகையையும் பேனாவையும் கட்டிக்கொண்டு வீடு முழுவதும் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

நன்றி சொல்லி எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்துத் தள்ளிப்போட்டிருக்கிறேன். நேற்று இரவு மூலை வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு தள்ளிப்போட முடியவில்லை. தெருக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்தாயிற்று. ஆனால் மனதில் இருப்பது முழுதாக இறங்குவது தமிழில்தான்.

இதைப் படிக்கப்போகும் ஊர் உறவினர்களுக்காக ஒரு விளக்கம். ஹாலோவீன் அன்று அமெரிக்கப் பிள்ளைகள் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் தொந்தரவு செய்யக்கூடாது. மற்ற ஊர்களில் 'ட்ரிக் ஆர் ட்ரீட்' என்று கத்தினால் போதும், கையில் மிட்டாய் விழும். அயோவா மாநிலத்தில் இருக்கும் எங்கள் டி மொயினில் அப்படிச் சும்மா கிடைக்காது. ஒரு நகைச்சுவை சொல்ல வேண்டும். 1938-இல் இந்த ஊர் இளவட்டங்கள் ஹாலோவீன் இரவில் செய்த அட்டகாசத்தால் காவல்துறைக்கு 550 புகார்கள் போயினவாம். அதன் பிறகு நகர விளையாட்டு ஆணையத்தில் பொறுப்பில் இருந்த கேத்ரின் கிரீக் என்ற அம்மையார் முன்நின்று, அக்டோபர் 30-ஆம் தேதி மாலையைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்க வைத்தார். 'பெக்கர்ஸ் நைட்', அதாவது பிச்சைக்காரர் இரவு என்று பெயர். ஒரு பாட்டோ கவிதையோ வித்தையோ காட்டினால்தான் தின்பண்டம் என்பது அன்றைய ஏற்பாடு. நாளடைவில் பாட்டும் கவிதையும் போய் நகைச்சுவை மட்டும் நிலைத்துவிட்டது. பெரும்பாலும் கடி ஜோக்குகள். கேட்பவர்கள் தலையில் அடித்துக்கொண்டே மிட்டாய் போடுவார்கள்.

பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்கு இவ்வளவு செலவா என்று எனக்கு இன்றும் தோன்றும். ஆனால் இந்த ஒரு வழக்கம் மட்டும் வந்த ஆண்டிலிருந்தே பிடித்துவிட்டது. இந்த முறை அதுவே எங்களை மிரட்டியது. பேசாத பிள்ளை எப்படி ஜோக் சொல்லும்?

'உனக்கும் சேர்த்து நானே சொல்கிறேன், அக்கா' என்றான் தம்பி. 'கடைசி வரியைக் கெடுத்துவிடுவாய்' என்று பலகையில் எழுதிக் காட்டினாள். உண்மைதான், கெடுத்துவிடுவான். கடைசியில் அட்டைகளில் எழுதிக்கொண்டு கிளம்பினாள். வெள்ளைப் படுக்கை விரிப்பில் இரண்டு கண் ஓட்டைகள், அதுதான் பேய் வேடம். கழுத்தை மறைக்க வேண்டும் என்பதற்காக அவளே தேர்ந்தெடுத்தது. இந்தக் குளிரில் எந்த வேடத்தின்மேலும் கோட்டு வந்து உட்கார்ந்துவிடும். விரிப்புக்கு உள்ளே கோட்டு போட்டுக்கொள்ளலாம் என்ற வசதி எனக்குப் பிடித்திருந்தது.

முதல் சில வீடுகளில் அட்டையை வாங்கி அவர்களே படித்துச் சிரித்தார்கள். தம்பிக்கு ஒன்று என்றால் அவள் வாளியில் கை நிறைய அள்ளிப் போட்டார்கள். அவர்கள் அன்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விரிப்புக்குள்ளே அவள் நடை தளர்ந்துகொண்டே போனது எனக்குத் தெரிந்தது. மூன்றாவது தெருவிளக்கின் கீழே நின்று, 'வீட்டுக்குப் போகலாம்' என்று எழுதினாள். மூலை வீட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன்.

மூலை வீட்டுத் தாத்தா ஓய்வுபெற்ற தச்சர். பிள்ளைகளிடம் கறார். ஜோக் சரியில்லை என்றால், வேறொன்று யோசித்துக்கொண்டு வா என்று வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுவார். நேற்றும் வழக்கம்போல கராஜ் முன்னால் மடக்கு நாற்காலியில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பலகை. நல்ல மரத்தில் இழைத்து, வண்ணம் அடித்து, அழகாக எழுதியிருந்தார்: 'இந்த ஆண்டு இங்கே யாரும் பேசக்கூடாது. ஜோக்கை நடித்துக் காட்ட வேண்டும்.'

வாசலில் பிள்ளைகள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். காற்றடைத்த டைனோசர் வேடத்தில் இருந்த ஒரு பையன், அந்தக் குட்டிக் கைகளை வைத்துக்கொண்டு கோழி சாலையைக் கடப்பதைக் காட்ட முயன்றான். ஒரு இளவரசி பாதியில் வாய்விட்டுப் பேசிவிட்டு, விதிப்படி கடைசிக்குப் போனாள். தெருவில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அது புதிய வித்தை. எங்கள் வீட்டுப் பேய்க்கு மட்டும் மாதக்கணக்கில் பழகியது.

அவள் அட்டைகளை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். கண்ணாடி முன் நின்றாள். தலை வாரினாள். பொட்டு வைத்தாள், சரியாக நடுவில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். அப்போதுதான் கண்ணாடியில் யாருமே இல்லை என்பது தெரிகிறது. திரும்பிப் பின்னால் பார்த்தாள், மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள், இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஓட்டமெடுத்தாள். டைனோசர் பையன் சிரித்த சிரிப்பில் அவன் வேடத்தின் காற்று இறங்கிவிட்டது. தாத்தா சிரிக்கவில்லை, அவர் எப்போதும் சிரிப்பதில்லை. 'இன்னொரு முறை' என்று விரலால் சுழற்றிக் காட்டினார். செய்தாள். பிறகு எல்லோருக்கும் கொடுத்ததுபோல இரண்டு சிறிய சாக்லெட். ஒன்றுகூட அதிகமில்லை.

நன்றி சொல்லப் போன என்னிடம், 'என் காது மந்தமாகிவிட்டது. இந்த ஆண்டு யார் என்ன சொன்னாலும் விளங்காது, அதனால்தான் இப்படி' என்றார். கூரையில் அணில் ஓடினால் தெருக்கோடியிலிருந்து கண்டுபிடிப்பவர் அவர்.

இரவெல்லாம் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்காக ஒரு விதியைத் தளர்த்துவது எளிது. அவர் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் விதியை மாற்றிவிட்டு, அவளை வரிசையில் ஒருத்தியாக நிற்கவைத்தார். யோசித்துப் பார்த்தால் அது மாற்றமும் இல்லை. தொடக்க கால ஏற்பாட்டில் வித்தைக்கும் இடம் இருந்ததே! அந்தப் பலகையை இழைத்து வண்ணம் அடிக்க எத்தனை நாள் ஆகியிருக்கும், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவும் இல்லை.

மற்றவர்களை இப்படி ஒரே பத்தியில் அடைப்பதற்கு மன்னியுங்கள். ஹாலோவீன் வரும் வரை இவள் இங்கே இருக்கப்போவதில்லை என்று சொல்லி, கோடையிலேயே வேடம் கட்டிக்கொண்டு அறைக்கு வந்து மிட்டாய்க்குப் பதில் ஸ்டிக்கர் கொடுத்த இரவுநேரச் செவிலியர்கள், தம்பியைத் தங்கள் பிள்ளைகளோடு சேர்த்துப் பூசணித் தோட்டத்துக்கு அழைத்துப்போன எதிர்வீட்டார், இங்கே அயோவாவிலேயே இருக்கும் மேட்ரிட் ஊர்க் கோயிலில் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தவர்கள், முறை வைத்து ரசமும் இடியாப்பமும் கொண்டுவந்து, உள்ளே வராமல் வாசலில் வைத்துவிட்டுப் போன அக்காமார்கள், விடுப்பைத் தன் கணக்கிலிருந்து விட்டுக்கொடுத்த என் கணவரின் அலுவலக நண்பர், எல்லோருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் நேரில் வந்து சண்டை போடுங்கள், காப்பி தருகிறேன்.

அடுத்த ஆண்டு எங்கள் வாசல் விளக்கு எட்டு மணிவரை எரியும். பேசியும் சொல்லலாம், நடித்தும் காட்டலாம், தமிழில் விடுகதை போட்டால் இரட்டைப் பங்கு. பேயின் அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை இன்று காலையே தொடங்கிவிட்டது, என்னைக் கண்ணாடியாக நிற்கச் சொல்கிறாள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பாத்திரங்கள் எல்லாம் கழுவித் துடைத்து எங்கள் வீட்டில் இருக்கின்றன. பெயர் ஒட்டியவற்றை நானே கொண்டுவந்து தருகிறேன். ஒரு எவர்சில்வர் தூக்கு மட்டும் யாருடையது என்று தெரியவில்லை. மூடியில் லேசான ஒடுக்கு, பிடியில் சிவப்பு நூல். மிளகு ரசம் வந்தது அதில்தான். உரியவர் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அப்படியே அந்த ரசத்தின் பக்குவத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். அவள் அதைத்தான் கேட்டுப் பலகையில் எழுதிக்கொண்டே இருக்கிறாள்.